எடுக்கக் கூடாத மணி

1

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கைப்பிடி டெலிபோனைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். ஆபீசுக்கும் பேக்டரிக்கும் துரை பங்களாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் எங்கள் குவார்ட்டர்சுக்குமாக மலைச்சரிவில் கம்பம் கம்பமாய் ஓடிக்கொண்டிருந்த ஒற்றைக் கம்பியைச் சுருட்டி, லோரியில் ஏற்றி, தானா ராத்தா டவுனுக்குக் கொண்டுபோனார்கள். தொலைந்தது சனியன் என்று பெருமூச்சு விட்டேன். விட்ட மூச்சு முடியவில்லை, எங்கள் வீட்டுக்காரர் பழைய பெட்டி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வாசலில் நிற்கிறார். பழைய இரும்புக்குப் போகவிருந்ததைக் கெஞ்சி வாங்கி வந்தாராம். இப்போது அது எங்கள் முன்கூடத்தில், முருகன் படத்துக்கும் மளிகைக் கடைக் காலண்டருக்கும் நடுவில் தொங்குகிறது. கம்பி கிடையாது, பேச்சு கிடையாது. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே இருக்கும் மணி மட்டும் அடிக்கும். வெள்ளிக்கிழமை அதற்கும் பொட்டு வைக்கிறார்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு யார் எவர் என்று சொல்லிவிடுகிறேன். நான் முசிறிப் பக்கத்துப் பெண். எழுபதில் கழுத்தை நீட்டிவிட்டு இந்தக் கேமரன் மலைக்கு வந்தவள். இவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர். டிரெசர் என்றால் டாக்டருக்குக் கீழே, மற்ற எல்லோருக்கும் மேலே. காய்ச்சலுக்கு மருந்து கலக்குவார், ஊசி போடுவார், கொழுந்து வெட்டுகிற கத்தரியில் கையைக் கிழித்துக்கொண்டு வருகிறவர்களுக்குத் தையல் போடுவார். அந்த வேலையில் இவரைக் குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் டெலிபோனில்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையானால் சின்னையா கிராணி வந்துவிடுவார். பேக்டரியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். இவரும் அவருமாக அந்தச் செத்த பெட்டியின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், மற்றவர் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். இதுதான் விளையாட்டு.

"இது யாரு, சொல்லுங்க பாப்போம் டிரெசரே."

"பழைய துரை! கைப்பிடிய ஒடைக்கிற மாதிரி சுத்துவாரு. காலைப் பெரட்டுல ஆள எண்ணிக் கொறஞ்சா அன்னைக்கு இப்படித்தான் லா."

"சரி, இது?"

"நீங்கதான். பாதி சுத்துல மூச்சு வாங்கும் உங்களுக்கு."

இரண்டு பேரும் தொடையில் தட்டிக்கொண்டு சிரிப்பார்கள். ஏழு கழுதை வயதாகிறது. நான் சமையற்கட்டில் இருந்து தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தால், "கமலா, நீயும் ஒரு சுத்து சுத்தேன்" என்று அழைப்பு வேறு. சுற்றுகிறேன், உங்கள் இரண்டு பேர் காதையும் பிடித்து.

2

நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அது வித்தைதான்.

ஒரே கம்பி. யாரை யார் கூப்பிட்டாலும் எல்லா வீட்டு மணியும் அடிக்கும். அதனால் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சுற்று. எங்களுக்கு ஒரு நீளம், இரண்டு குட்டை. பேக்டரிக்கு நீளம் நீளமாக. தங்கள் சுற்று வந்தால்தான் எடுக்க வேண்டும் என்பது சட்டம். எவரும் மதித்ததில்லை. எந்த மணி அடித்தாலும் எல்லா வீட்டிலும் ரிசீவர் மெதுவாக எழும்பும், வாயைக் கையால் பொத்திக்கொண்டு கேட்பார்கள். ஆள் கூடக் கூடப் பேசுகிற குரல் தேயும். இவர் பேச்சின் நடுவில் நிறுத்தி, "மூணு பேரு எடுத்திருக்கீங்க, ரெண்டு பேராச்சும் வைங்கப்பா, நோயாளி பேர் காதுல விழல" என்பார். கிளிக், கிளிக் என்று இரண்டு வைக்கும். மூன்றாவது ஆள் துரைசாணியாக இருக்கும், அவளை யார் கேட்பது?

சுற்றுகிற கையையும் இவருக்குத் தெரியும். அதை நான் மறுக்க மாட்டேன். ஒருநாள் காலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், மணி அடித்ததும் ரொட்டியைக் கீழே போட்டுவிட்டுப் பையைத் தூக்கினார். "பேக்டரி. சுத்துறவன் கை நடுங்குது" என்றார். ரிசீவரை எடுக்கக்கூட இல்லை, ஓடினார். அங்கே கொழுந்து உருட்டுகிற மெஷினில் ஒருவருடைய விரல் மாட்டியிருந்தது. அன்றைக்கு அந்தக் காதை நான் மனசுக்குள் கும்பிட்டேன்.

ஆனால் கும்பிடக் கொஞ்சம் இடம் கொடுத்தால் கோயிலே கட்டிக்கொள்கிற சாதி இவர்கள். ரிசீவரை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினால் குரல் தெளியுமாம். தட்டித் தட்டி ஒன்றை உடைத்தார். மண்ணில் இறக்கியிருக்கிற கம்பியடியில் உப்புத் தண்ணீர் ஊற்றினால் லைன் கணீர் என்று இருக்குமாம். வருஷம் முழுக்க மழை பெய்து சுவரே வியர்க்கிற இந்த மலையில், இவர் வாளியில் உப்பைக் கரைத்து ஊற்றினார். அந்த இடத்தில்தான் என் கருவேப்பிலைக் கன்று இருந்தது. இந்தக் குளிரில் கருவேப்பிலை வளர்க்கிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஈப்போவில் இருந்து வாங்கி வந்து, ராத்திரியில் கோணிச் சாக்கைப் போர்த்தி, பிள்ளை மாதிரி வளர்த்தேன். வேரோடு கருகிப்போனது. "லைன் எப்படி இருக்கு பாத்தியா?" என்று கேட்டார் மனிதர்.

பேசுவதற்கென்று ஒருவன் கண்டுபிடித்த சாமான் அது. இவர்கள் பேச்சைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அதில் செய்தார்கள்.

3

கைப்பிடி வித்தையை மன்னித்துவிடலாம். டிரங்க் கால் வித்தையை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன்.

ஆள் பெயர் சொல்லிப் பதிகிற டிரங்க் கால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆபரேட்டர் இந்த முனையைக் கூப்பிட்டு, இன்னார் இருக்கிறாரா என்று கேட்பார். இருந்தால் பேச்சு, பேச்சுக்குக் கட்டணம். இல்லை என்றால் பதிந்ததற்கு ஏதோ கொஞ்சம், அவ்வளவுதான். இதில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்காவிட்டால் நம் ஆள்களுக்குத் தூக்கம் வருமா? இல்லாத ஆள்களுக்குப் பெயர் வைத்து, பெயருக்கு ஒரு சேதி என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். எங்கள் குடும்பத்தில் அதைச் செய்தவர்கள் இவரும் என் அண்ணன் சுந்தரமும். கல்யாணப் பந்தலிலேயே மாப்பிள்ளையும் மச்சானும் வெற்றிலை மென்றுகொண்டு பேசி முடித்துவிட்டார்கள். நான் மாலையும் கழுத்துமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பழனி என்று கேட்டால் குழந்தை பிறந்திருக்கிறது. முத்தையா என்றால் கடிதம் வருகிறது. வீட்டு ஆளின் சொந்தப் பெயரையே கேட்டால் இங்கே எல்லோரும் சுகம். அதற்கும் பதில் 'இல்லை'தான், அப்படிச் சொன்னால் நாங்களும் சுகம். சிவலிங்கம் என்றால் பெரியவர் போய்விட்டார். பெரியவர் என்றால் என் அப்பா. அப்பா அப்போது பந்தலுக்கு வெளியே நின்று, பந்திக்கு ஆள்களைக் கைப்பிடித்துக் கூட்டி வந்துகொண்டிருந்தார்.

வாசுகி எனக்குக் கைக்குழந்தையாக இருந்த சமயம். மத்தியானம். நான் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நீளம், இரண்டு குட்டை. இவர் எடுத்தார்.

"சிவலிங்கமா? அப்படி யாரும் இங்க இல்லீங்களே."

குரலில் ஒரு நடுக்கம் இல்லை. நன்றி சொன்னார், வைத்தார். நான் கரண்டியோடு சமையற்கட்டு வாசலில் நிற்கிறேன். நெத்திலி கருகுகிறது. அப்பா செத்துப்போனார் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்படி ஒரு ஆள் இல்லை என்று இவர் யாரோ ஒரு ஆபரேட்டரிடம் சொன்னார், அதைக் கேட்டு நான் தெரிந்துகொண்டேன்.

அண்ணன் அந்த முனையில் நின்றானே! ஊர்த் தபால் ஆபீசில், காலையில் இருந்து காத்துக் கிடந்து, ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றானே! அவன் அழுவதையாவது நான் கேட்டிருக்க மாட்டேனா? அப்பா கடைசியில் என்ன சொன்னார், யாரைத் தேடினார், இதெல்லாம் மூன்று நிமிஷத்தில் கேட்டிருக்க முடியாதா?

"இருக்காருன்னு சொல்லியிருந்தா என்னங்க?" என்று கேட்டேன்.

"அப்புறம் அந்த ஏற்பாடு எதுக்கு?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

மறுநாள் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். நம் கம்பியில் ரகசியம் ஏது? எல்லோரும் ரிசீவரைத் தூக்கிக் கேட்டிருக்கிறார்கள். "யாருக்கா அந்தச் சிவலிங்கம்? பாவம், இந்தியாவுல இருந்து கூப்பிட்டிருக்காங்க, ஆளு இல்லாமப் போச்சே" என்று சின்னையா கிராணி மனைவி உச்சுக் கொட்டினாள். நான் அவள் தோளில் சாய்ந்து அழுததைப் பார்த்துத்தான் அவளுக்கு விஷயமே தெரிந்தது.

காரியத்துக்காவது போகலாம் என்றால், எனக்கு இருந்தது சிவப்பு ஐசி, அதாவது சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமை இல்லாதவள். வெளியே போனால் திரும்பி நுழைய ஒரு பெர்மிட் வேண்டும். நாங்கள் இருப்பது பகாங் மாநிலம், ஆகவே பெர்மிட் குவாந்தானில். ஆனால் மலையை விட்டு இறங்குகிற ஒரே ரோடு பேராக்கில்தான் கொண்டுபோய் விடும். சொந்த மாநிலத்துத் தலைநகருக்குப் போக அடுத்த மாநிலத்தில் இறங்கி, கோலாலம்பூரைச் சுற்றிக்கொண்டு, நாட்டின் மறுகரைக்குப் போக வேண்டும். போனோம். கல்யாணப் பத்திரத்தில் கணவர் பெயருக்கு ஒரு எழுத்து, ஐசியில் ஒரு எழுத்து என்று அதிகாரி திருப்பி அனுப்பினார். மறுபடி போனோம். பெர்மிட் கைக்கு வந்தபோது அப்பாவுக்கு மூன்று மாதக் காரியமும் முடிந்திருந்தது.

அதற்கப்புறம் இவரோடு ஒரு மண்டலம் பேசாமல் இருந்து ஒரே ஒரு திருத்தத்தை வாங்கினேன். யாராவது செத்தால் மட்டும் 'இருக்கிறார்' என்று சொல்லி எடுத்துப் பேச வேண்டும். மற்றதற்கெல்லாம் பெயரோ மணியோ எப்படியோ போகட்டும். சாவுக்குப் பேச்சு வேண்டும். இவரும் சரி என்றார். வாசுகி பேசத் தொடங்கியதும் அவளுக்கும் விதியைச் சொல்லிக்கொடுத்தார். அது அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கும். "பேசினா செத்துட்டாங்கன்னு அர்த்தம், இல்லப்பா?" என்று மழலையில் கேட்கும். இவருக்குப் பெருமை பிடிபடாது.

4

வாசுகி எங்களுக்கு ஒரே பிள்ளை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம், பிறகு தானா ராத்தாவில் மலாய்ப்பள்ளி. அதோடு என் தமிழ் அவளுக்கு வேற்றுமொழி ஆகிவிட்டது. "அம்மா பேசறது ரேடியோ மாதிரி இருக்கு லா" என்பாள். இங்கே காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டீங்களா" என்று கேட்பார்கள். எனக்கு அது வாயில் வராது. சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்பேன், பிடிவாதமாக. என் ஊர் என்று ஒன்று மிச்சம் இருப்பது அந்த ஒரு சொல்லில்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. பிறகு ஒரு தடவை ஊருக்கு வந்தபோது அண்ணன் பிள்ளைகள் என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். காரைக் காடி என்கிறேனாம், சந்தையைப் பாசார் என்கிறேனாம். அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. நல்ல பிழைப்பு.

பதினெட்டு வயதில் வாசுகி கோலாலம்பூர்ப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக் பேக்டரிக்கு வேலைக்குப் போனாள். கொழுந்து கிள்ள மாட்டேன், குளிர் வேண்டாம், கீழே போகிறேன் என்றாள். போகட்டும், அதில் என்ன தப்பு? அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டுக்குப் புதுப் போன் வந்தது. எண்ணைச் சுற்றினால் உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் பேசலாம் என்று மாட்ட வந்தவர் சொன்னார். இவர் முதல் வேலையாக டயலில் ஒரு குட்டிப் பூட்டை மாட்டினார். அக்கம்பக்கத்தார் வந்து வெளியூருக்கெல்லாம் சுற்றிவிடுவார்களாம். மாட்டிய கையோடு, பூட்டைத் திறக்காமலே ரிசீவர் உட்காருகிற பொத்தானைத் தட்டித் தட்டி எண் போடுவது எப்படி என்று சின்னையாவுக்குச் செய்து காட்டினார். ஒன்றுக்கு ஒரு தட்டு, பூஜ்யத்துக்குப் பத்து. பூட்டுப் போட்டவரே! இந்த மூளையை வேறு எதிலாவது செலவழித்திருந்தால் நாங்கள் எங்கேயோ இருந்திருப்போம்.

வாசுகிக்கும் விதி போட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாஸ்டலில் இருந்து கூப்பிட வேண்டும். இரண்டு தடவை மணி அடித்ததும் வைத்துவிட வேண்டும். நாங்கள் எடுக்கக் கூடாது. இரண்டு மணி என்றால் அவள் சுகம்.

அப்படியே நடந்தது. வாரா வாரம் மணி அடிக்கும். இவர் ஒரு விரலை உயர்த்தி, கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்பார். அது ஓய்ந்ததும், "வாசுகிதான். அவ கை எனக்குத் தெரியாதா? ரெண்டாவது மணியில கொஞ்சம் அவசரம் இருக்கும்" என்பார். சின்னையா கிராணி ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார்.

அட கர்மமே! இதில் கை எங்கே இருந்து வந்தது? அவள் அங்கே டயலைச் சுற்றுகிறாள், நடுவில் எத்தனையோ மெஷின் இருக்கிறது, மெஷின் மணியை அடிக்கிறது. துரை கூப்பிட்டாலும் கடை முதலாளி தவுக்கே கூப்பிட்டாலும் ஒரே கிணிங் கிணிங்தான். சொன்னேன். "உனக்கு ஊரு முசிறி. இந்த லைன் விஷயம் உனக்குப் புரியாது" என்றார்.

அந்தத் தீபாவளிக்கு வாசுகி வரவில்லை. லீவு இல்லை என்று ஒரு கார்டு வந்தது, அதில் தமிழில் ஒரு எழுத்து இல்லை. தீபாவளியன்று காலையில் மணி அடித்தது. அதே இரண்டு. "பாத்தியா, பொண்ணு சுகமா இருக்கா" என்று சொல்லி முறுக்கை எடுத்துக் கடித்தார். நான் என் முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். நல்ல நாளும் அதுவுமாக ஒரு பெண், அம்மா எண்ணைக் கூப்பிட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் எப்படி வைப்பாள்? மூன்றாவது மணிக்கு விட்டுப் பார்க்கலாமே, அம்மா எடுக்கிறாளா என்று? இவள் என்னவோ சரியில்லாமல் இருக்கிறாள் என்று எனக்குள் ஒன்று பிடித்து உலுக்கியது.

5

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போன் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். தூசி தட்டுகிற மாதிரி துணியைக் கையில் வைத்துக்கொண்டேன். இவரும் சின்னையாவும் செத்த பெட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

முதல் மணி அடித்தது. இவர் விரலை உயர்த்தினார். நான் எடுத்துவிட்டேன்.

"ஏ கமலா! என்ன செய்யிற? பொண்ணு காசு போச்சே!"

அந்த முனையில் ஒரு பெண் குரல் பதறியது. "அலோ? ஐயோ, ஆண்டி, எடுத்துட்டீங்களா? எடுக்க மாட்டீங்கன்னு சொன்னாளே!"

வாசுகி குரல் இல்லை.

"நீ யாரும்மா?"

"ஜெயா, ஆண்டி. வாசுகி ரூம்மேட். முன்னாடி ரூம்மேட். அவ இங்க இல்ல ஆண்டி, ஜொகூர் பாருக்குப் போய்ட்டா. அங்க ஒரு ஹாஸ்டல்ல தங்கி, தினம் பாலம் தாண்டி சிங்கப்பூர் கம்பெனிக்கு வேலைக்குப் போறா. நோன்புப் பெருநாளுக்கு முன்னாடியே போய்ட்டா. அங்க இருந்து கூப்பிடறது கஷ்டம், நீ வாரா வாரம் எங்க வீட்டுக்கு ரெண்டு ரிங் விட்டுடு, அம்மா அப்பாவுக்கு அந்தச் சத்தம் கேட்டா போதும்னு சொன்னா."

நோன்புப் பெருநாளுக்கு முன்னாலா? ஆறு மாதம் ஆகிறதே! அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் இவர் விரலை உயர்த்திக் கேட்டது இந்தப் பெண்ணின் மணியை.

"அவ சுகமா இருக்காளாம்மா?" என்று கேட்டேன்.

"இருப்பா ஆண்டி."

"நீ கடைசியா அவகிட்ட எப்பப் பேசின?"

பாவம், நல்ல பெண். பொய் சொல்லத் தெரியவில்லை. "அவ போனதுக்கு அப்புறம் ஒரு தடவ கூப்பிட்டா, ஆண்டி. அதுக்கப்புறம் இல்ல. ஆனா நிறுத்தாதன்னு சொல்லிட்டுப் போனா. அதான் நான் நிறுத்தல."

தீபாவளிக் கார்டையும் வாசுகி போகும்போதே எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். சமயத்துக்குத் தபாலில் போட்டது இந்தப் பெண்தான். என் மகள் சுகமா இல்லையா என்று தெரியாத ஒரு பெண், சுகம் சுகம் என்று வாரம் தவறாமல் மணி அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நாங்களும் பெருமாள் கோயில் மணியைக் கேட்ட மாதிரி கேட்டுக்கொண்டிருந்தோம். ஜொகூர் ஹாஸ்டல் எண்ணை வாங்கிக்கொண்டு வைத்தேன்.

இவரிடம் சொன்னேன். முகம் செத்துப்போனது. "இல்ல, அது வாசுகி கைதான்" என்று முணுமுணுத்தார். சின்னையா கிராணி வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியை ஆணியோடு பிடுங்கி வாசலில் வீசியிருப்பேன். அதற்கு அப்போது நேரம் இல்லை.

"பூட்டுச் சாவி எங்கங்க?"

சட்டைப்பையைத் தடவினார், அலமாரியைத் திறந்தார், சாமி படத்துக்குப் பின்னால் பார்த்தார். "இங்கதான் வச்சேன்… எங்க வச்சேனோ…" கூடவே, பழக்கம் விடவில்லை பாருங்கள், "ஆபரேட்டர் மூலமா அவ பேரச் சொல்லிக் கேளு கமலா. இல்லைன்னு பதில் வந்தா சுகமா இருக்கான்னு அர்த்தம், வச்சிடலாம்" என்றார்.

ரிசீவரை எடுத்தேன். பொத்தானைத் தட்டினேன். நீள எண்ணைத் தட்டினால் நடுவில் பிசகும், ஆபரேட்டர் எண் குட்டை. இவர்கள் வித்தையை இருபது வருஷமாக ஏசியவள் விரலில் இந்த வித்தையும் தயாராக இருந்தது. இவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

ஆபரேட்டர் ஒரு மலாய்க்காரப் பெண். என் ஓட்டை மலாயில் எண்ணைச் சொன்னேன். ஹாஸ்டலில் எத்தனையோ பெண்கள், யாரோ எடுத்து, தேடப்போகிறேன் என்று போய்விட்டு வராமல் இருந்துவிட்டால்? அதனால் பெயர் சொல்லியே கேட்கச் சொன்னேன். எங்கேயோ மணி அடித்தது. நான் எண்ணவில்லை. யாரோ எடுத்தார்கள், யாரையோ கூப்பிட்டார்கள், செருப்புச் சத்தம் வந்தது. ஆபரேட்டர் கேட்டாள், கேமரன் மலையில் இருந்து அழைப்பு, வாசுகி இருக்கிறாளா என்று.

"வாசுகி தாக் அடா."

இல்லையாம். அந்தக் குரல் வாசுகியுடையது. பெற்றவளுக்குத் தெரியாதா? கொஞ்சம் தடித்திருந்தது, சளி பிடித்த மாதிரி. ஆனால் அவள்தான். அப்பா சொல்லிக்கொடுத்த விதி அட்சரம் பிசகாமல். வீட்டு ஆளின் சொந்தப் பெயரைக் கேட்டால் அங்கே எல்லோரும் சுகம், இல்லை என்று சொல்லிவிட்டு வைக்க வேண்டும். சிவலிங்கம் இல்லை என்று இவர் சொன்னாரே, அதே நிதானம், அதே மரியாதை.

"வைக்காதே!" என்று கத்தினேன். பழைய கம்பியில் கத்துவார்களே, அந்த மாதிரி. "வாசு, வைக்காதடி! இத்து அனாக் சாயா!" அது என் பிள்ளை என்று அந்த ஆபரேட்டரிடம் சொன்னேன், மறுபடி சொன்னேன். இருக்கிறாள், அவள்தான் பேசுகிறாள், என் பிள்ளை குரல் எனக்குத் தெரியும்.

ஆபரேட்டர் கொஞ்சம் தயங்கினாள். அப்புறம் சட்டத்தை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, "சக்காப் லா, மக்சிக்" என்றாள். பேசுங்கள் அத்தை. அந்தப் புண்ணியவதி எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

கிளிக் என்று லைன் திறந்தது. எனக்குப் பக்கத்தில் வந்து நின்ற இவர், ரிசீவரின் முதுகில் காதை வைத்தார். "வாசுகியா? வாசுகிதானா?" என்று என்னிடம் கேட்டார்.

அந்த முனையில் சின்னக் குரலில் என் மகள் கேட்டாள்:

"அம்மா… யாரும்மா செத்துட்டாங்க? அப்பாவா?"

காதை ஒட்டி நின்றவருக்கு அது கேட்டது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார்.

"யாரும் சாகலடி" என்றேன். பேச எடுத்த முதல் போனில் அம்மாவும் மகளும் என்ன பேசுவார்கள்? வாயில் வந்ததைக் கேட்டேன்.

"பசியாறிட்டியா?"

"இல்லம்மா," என்றாள், "இன்னும் இல்ல." சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். நான் வைக்கவில்லை.